பதினாறுக்குப் பதினொன்று

வெண்கலப் புரொப்பல்லரின் நடுக்குடத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குத்தி எழுதிய சில எழுத்துகள் தெரியும்: 16 ஆர்.எச். 11. ஒரு கோட் பெயின்ட் அடித்தால் காணாமல் போய்விடும் அளவுக்குச் சின்னவை. முதல் எண், இதழ்களின் நுனிகள் சுற்றிவரும் வட்டத்தின் விட்டம், அங்குலக் கணக்கு. நடுவில் உள்ள இரண்டெழுத்து, படகுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது இது வலஞ்சுழியாகச் சுற்றும் என்பதற்கு அடையாளம். கடைசி எண் பிட்ச். தண்ணீர் மட்டும் மரக்கட்டையாக இருந்திருந்தால், ஒரு முழுச் சுற்றில் இந்த இதழ்கள் எவ்வளவு தூரம் துளைத்து முன்னேறியிருக்கும் என்ற கணக்கு அது. ஆக, பதினாறுக்குப் பதினொன்று.

கடல் கடக்கும் பாய்மரப் படகு ஒன்றுக்கு இந்த இரண்டு எண்களைத் தேர்வதில் இருக்கிற நுணுக்கம், இதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாய்களைத் தேர்வதில்கூட இல்லை என்பேன். பாய் கண்ணெதிரே இருக்கிறது. வெட்டு சரியில்லை என்றால் படபடத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். புரொப்பல்லர் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அதன் குறையை இஞ்சின்தான் புகையாகவும் சூடாகவும் எடுத்துச் சொல்ல வேண்டும். இஞ்சினும் அதை ஒரே நாளில் சொல்லிவிடாது.

நிஜப் படகு ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். 1970களில் கலிபோர்னியாவில் கட்டப்பட்ட வெஸ்ட்செயில் 32-ஐ எடுத்துக்கொள்வோம். நீளம் 32 அடி. தண்ணீர் மட்டத்தில் அளந்தால் இருபத்தேழரை அடி. எடை ஒன்பது டன் அளவில். முன்புறமான அணியத்தைப் போலவே பின்புறமான அமரமும் கூர்ந்து முடியும். நார்வே நாட்டுக் கரையோர மீட்புப் படகுகளுக்காகக் காலின் ஆர்ச்சர் வகுத்த வடிவம் அது. அமெரிக்கரான வில்லியம் அட்கின் அதைச் சுருக்கி 'எரிக்' என்ற படகை வரைந்தார். அந்த வழியில் வந்ததை டபிள்யூ.ஐ.பி. கிரீலாக் திருத்தி வெஸ்ட்செயில் ஆக்கினார். அதே எரிக் வரைபடத்தை வைத்துத்தான் பம்பாயில் தேக்கில் 'சுஹைலி' கட்டப்பட்டது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றிவந்தது அதில்தான். வெஸ்ட்செயிலுக்கும் சுஹைலிக்கும் தாத்தா ஒருவரே.

இந்தப் படகில் புரொப்பல்லர் வெளியே தொங்கிக்கொண்டிருக்காது. படகின் முதுகெலும்பாக அடியில் ஓடும் ஏராவின் பின்முனைக்கும் சுக்கானுக்கும் இடையே வெட்டிவிட்ட ஒரு சன்னலுக்குள் சுற்றும். மீன்வலையும் மிதக்கும் கயிறும் எளிதில் சிக்காது. பாறையில் அடித்தாலும் ஏராதான் முதலில் வாங்கும். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அந்தச் சன்னலின் உயரம். புரொப்பல்லர் அளவைப் பற்றிய பேச்சு எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விட்டம் எவ்வளவு பெரிதாக வைக்க இடம் இருக்கிறதோ அவ்வளவு பெரிதாக வை, மெதுவாகச் சுற்று. இது பழைய விதி. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ரேங்கின் 1865இல் அதை எழுதிவைத்தார். தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும். தள்ளுவிசை என்பது தள்ளிய நீரின் அளவையும் அதற்குக் கொடுத்த வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆனால் அந்த நீரோடு போய்விடும் சக்தி, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஒரு டன் நீரை ஒரு வேகத்தில் பின்னால் வீசுவதற்குப் பதில் இரண்டு டன் நீரைப் பாதி வேகத்தில் நகர்த்திப் பாருங்கள். தள்ளுவிசை அதேதான், வீணாய்ப் போகும் சக்தி சரிபாதி. பெரிய வட்டம் நிறைய நீரை மெல்ல நகர்த்துகிறது, சின்ன வட்டம் கொஞ்ச நீரை விசிறி அடிக்கிறது. துறைமுகத்தில் ஒரு படகு புறப்படும்போது அதன் பின்னால் பொங்கும் நுரையைப் பார்த்தே புரொப்பல்லர் எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். நுரை அதிகம் என்றால் டீசல் அந்த நுரையில்தான் போகிறது.

மெதுவாகச் சுற்ற வேண்டும் என்றால் கியர்பாக்ஸ் ஒத்துழைக்க வேண்டும். வெஸ்ட்செயிலில் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும் 30 குதிரைத்திறன் டீசல் இஞ்சின் ஒன்றை இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கியர் விகிதம் 2 என்றால் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு 1800 சுற்று ஓடும். டேவ் கெர் 1989இல் எழுதிய புரொப்பல்லர் கையேட்டின் சூத்திரத்தில் போட்டால் 14 அங்குல விட்டம் வருகிறது. விகிதம் 2.6 என்றால் தண்டின் சுற்று 1385க்கு இறங்குகிறது. விட்டம் 16 அங்குலமாக ஏறுகிறது. வெறும் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் முப்பது சதவீதம் கூடியிருக்கிறது. அதே இஞ்சின், அதே டீசல், அதே படகு. கியர் பெட்டிக்குள் இரண்டு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை மாறியதால் கிடைத்த பரப்பு அது. இஞ்சின் வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்காதவர் இல்லை. கியர் விகிதத்தைக் கேட்பவர் குறைவு. விகிதத்தைக் கேட்கிற ஆள்தான் படகு தெரிந்த ஆள்.

பெரிதாக வை என்றேன். அதற்கும் எல்லை உண்டு. இதழின் நுனிக்கும் படகின் உடலுக்கும் இடையே விட்டத்தில் பதினைந்து சதவீதம் இடைவெளி இருந்தால் நல்லது, பத்துக்குக் குறையவே கூடாது. பதினாறு அங்குலத்துக்கு அது ஏறத்தாழ இரண்டரை அங்குலம். குறைந்தபட்சம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஒவ்வோர் இதழும் மேலே வரும்போது தன் முன்னால் ஓர் அழுத்த அலையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இடைவெளி போதாவிட்டால் அது உடலில் அறையும். உள்ளே படுத்திருப்பவருக்குத் தலையணைக்கடியில் யாரோ கட்டைவிரலால் தட்டுவதாகக் கேட்கும். ஆகவே சன்னல் உயரத்தை அளந்து, மேலும் கீழும் இந்த இடைவெளியைக் கழித்து, மிச்சத்தைத்தான் விட்டமாக எடுக்க வேண்டும். சூத்திரம் என்ன சொன்னாலும் சன்னல் சொல்வதே தீர்ப்பு.

இனி இதழுக்கு வருவோம். கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் முறுக்கு. குடத்துக்கு அருகே இதழ் அதிகம் நிமிர்ந்து நிற்கிறது. நுனிக்குப் போகப் போகப் படுத்துவிடுகிறது. அழகுக்காகச் செய்ததாகத் தோன்றலாம். எல்லாம் அந்தப் பதினோரு அங்குலத்துக்காக. ஒரு சுற்றில் குடத்துக்கு அருகிலுள்ள பகுதி சுற்றும் வட்டம் சிறியது, நுனி சுற்றும் வட்டம் பெரியது. இரண்டும் அதே ஒரு சுற்றில் அதே பதினோரு அங்குலம் முன்னேறியாக வேண்டும். இல்லாவிட்டால் இதழின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை இழுத்துக்கொண்டு அலையும். மையத்திலிருந்து 2 அங்குலத்தில் சாய்வு 41 டிகிரி. பாதி வழியில், 4 அங்குலத்தில், இருபத்து மூன்றரை. நுனியில் பன்னிரண்டு டிகிரிக்குச் சற்று மேல். இந்த மூன்று கோணங்களுக்கும் இடையே எங்கும் உடையாமல், எங்கும் திடுக்கென்று திரும்பாமல், வெண்கலம் ஒரே வளைவாக ஓடுகிறது. விரலை நுனியிலிருந்து குடம் வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணால் அளக்க முடியாத மாற்றத்தைத் தோல் உணரும். நல்ல வார்ப்பில் இதழுக்கு இதழ் இந்த வளைவு மாறாது. மலிவான வார்ப்பில் மூன்றில் ஒன்று தனி வழி போகும். தண்டு அதிர்கிறது என்ற புகாருக்கு இது போதும்.

இப்படி இதழாகச் சுருங்கியது வரலாற்றில் தற்செயல். லண்டனுக்கு அருகே விவசாயம் செய்துவந்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836இல் காப்புரிமை எடுத்த புரொப்பல்லர் உண்மையாகவே ஒரு நீளமான மரத் திருகு. முழுதாக இரண்டு சுற்று மரை கொண்டது. மறு வருடம் பேடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது எதிலோ இடித்துத் திருகில் பாதி உடைந்து விழுந்தது. படகு நிற்கவில்லை, வேகமெடுத்தது. திருகின் நீளம் உராய்வாகத்தான் இருந்திருக்கிறது. நீளத்தைக் குறைக்கக் குறைக்க லாபம் என்று பொறியாளர்கள் அதன்பின் போன பாதையின் முடிவில் நிற்பதுதான் இன்றைய மூன்று இதழ். 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, புரொப்பல்லர் பூட்டிய 'ராட்லர்' கப்பலையும் துடுப்புச் சக்கரம் பூட்டிய 'அலெக்டோ' கப்பலையும் முதுகோடு முதுகு கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. பார்வையாளர்களுக்கு நல்ல காட்சி. எனக்கு என்னவோ அந்த இழுவைப் போட்டியைவிடக் கால்வாயில் உடைந்த மரத்துண்டுதான் பெரிய சம்பவமாகப் படுகிறது.

பிட்ச் எத்தனை அங்குலம் என்று எப்படி முடிவு செய்வது? படகு எவ்வளவு வேகம் போகும் என்பதிலிருந்து. அதற்குமேல் போகாது என்பதிலிருந்து என்று சொன்னால் இன்னும் சரி. கனத்த பாய்மரப் படகுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது ஓடும்போது எழுப்பும் அலை, வேகம் கூடக்கூட நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் போக வேண்டுமென்றால் படகு தன் அலையின் மேலேயே ஏற வேண்டும். கப்பலின் அலைத்தடையை மாதிரிகளை வைத்து முறையாக அளந்து காட்டியவர் வில்லியம் ஃப்ரூட். டார்கி நகரில் 1870களின் தொடக்கத்தில் அவர் அமைத்த சோதனைத் தொட்டியிலிருந்துதான் இந்த அறிவு வளர்ந்தது. நடைமுறைக் கணக்கு எளிது: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கு. வெஸ்ட்செயிலின் இருபத்தேழரை அடிக்கு மணிக்கு 7 கடல் மைல், அதாவது 7 நாட். அதில் 100 குதிரைத்திறன் இஞ்சினை வைத்தாலும் டீசல் எரியும், அமரம் தண்ணீரில் அமிழும், வேகம் பெரிதாகக் கூடாது.

இப்போது பதினோரு அங்குலத்தை 1385 சுற்றால் பெருக்குங்கள். மணிக்கணக்காக்கி, கடல் மைலாக்கினால் பன்னிரண்டரை நாட் வருகிறது. படகு போவதோ ஏழு. மீதி ஐந்தரை எங்கே போனது? நழுவிவிட்டது. தண்ணீர் மரக்கட்டை இல்லை. இதழ் தள்ளும்போது தண்ணீரும் பின்வாங்குகிறது. நாற்பத்து நாலு சதவீதம் நழுவல் என்றால் பாதி வீண் என்று சிலர் பதறுகிறார்கள். அது திறனிழப்புக் கணக்கே இல்லை. நழுவல் இல்லாவிட்டால் தள்ளுவிசையும் இல்லை. இதழ் நீரைச் சந்திக்கும் கோணத்தில் ஒரு மெல்லிய மிச்சம் இருந்தாக வேண்டும். அந்த மிச்சம்தான் படகைத் தள்ளுகிறது. கனத்த, மெதுவான படகுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம் நழுவல் இயல்பு. சூத்திரக்காரர்கள் இந்த நழுவலை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் பிட்ச் சொல்கிறார்கள். வெஸ்ட்செயிலின் ஏழு நாட்டுக்கு அந்தக் கணக்கில் பதினோரு அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. அந்தச் சற்றை வெட்டிவிட வேண்டும். ஏன் என்பதுதான் இந்தத் தொழிலின் ருசியான இடம்.

தாளில் இரண்டு கோடுகள் வரைந்துகொள்ளுங்கள். ஒன்று, ஒவ்வொரு சுற்று வேகத்திலும் இஞ்சினால் அதிகபட்சம் எவ்வளவு சக்தி தர முடியும் என்பது. டீசலுக்கு அது தொடக்கத்திலேயே விறுவிறுவென்று ஏறி, மேலே போய் மெல்லத் தட்டையாகும். மற்றது, ஒவ்வொரு சுற்று வேகத்திலும் புரொப்பல்லர் எவ்வளவு சக்தி கேட்கிறது என்பது. அது கிட்டத்தட்ட வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். அடியில் சோம்பலாகக் கிடந்து, கடைசியில் செங்குத்தாக எழும். 3600இல் முப்பது குதிரைத்திறனையும் கேட்கும் அதே புரொப்பல்லர், 2500இல் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறது, பத்து குதிரைத்திறன். அந்த வேகத்தில் இஞ்சினால் அதைப்போல் இரு மடங்கு தர முடியும். நடுவில் பெரிய வயிறாக ஓர் இடைவெளி. இரண்டு கோடுகளும் தொடுவது ஒரே ஒரு புள்ளியில். அந்தப் புள்ளியை இஞ்சினின் முழு வேகமான 3600இன் மேல் சரியாக உட்காரவைப்பதற்குத்தான் இத்தனை பாடும். அளவு தேர்வது என்றால் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவும்.

பிட்ச் கூடினால் புள்ளி இடப்பக்கம் நகர்ந்துவிடும். வேகக் கைப்பிடியை முழுக்கத் திறந்தாலும் இஞ்சின் 3100ஐத் தாண்டாது. மலையேற்றத்தில் டாப் கியரிலேயே இருக்கும் லாரி மாதிரி முனகும். பின்னால் கரும்புகை வரும். எரியாத டீசல் கரியாகப் படியும். பிட்ச் குறைந்தால் எதிர் வினை: இஞ்சின் சுலபமாக உச்சத்துக்குப் போய் அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பிடித்து நிறுத்தும்; சத்தம் அதிகம், படகின் ஓட்டம் கம்மி. கைக்கணக்கு ஒன்று உண்டு: பிட்ச்சில் ஓர் அங்குலம் கூட்டினாலோ குறைத்தாலோ இஞ்சின் வேகம் தோராயமாக இருநூறு சுற்று மாறும். விட்டத்தில் ஓர் அங்குலம் என்பது பிட்ச்சில் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சமமான சுமை. 3200லேயே நின்றுவிடும் படகுக்கு இரண்டு அங்குலப் பிட்ச்சைக் குறைத்தால் போதும். புதிதாக வாங்கக்கூட வேண்டாம். நல்ல பட்டறையில் இதழைச் சூடேற்றி அச்சின் மேல் வைத்துத் தட்டி ஒன்றிரண்டு அங்குலம் மாற்றித் தருவார்கள். விட்டத்தை அரிந்து குறைப்பதும் மலிவான வழிதான். ஆனால் ரேங்கின் கணக்கில் நாம் பாடுபட்டுச் சேர்த்த பரப்பு அதில் போய்விடும். அரிவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வேண்டுமென்றே பிட்ச்சைக் கூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். 'நான் 2200க்கு மேல் ஓட்டுவதே இல்லை. கூடுதல் பிட்ச் இருந்தால் 2000லேயே சத்தமில்லாமல் அதே வேகம் கிடைக்கிறதே' என்பது அவர்கள் வாதம். நடுவில் இருக்கும் அந்த வயிற்றை வீணாக்காமல் பயன்படுத்தும் யோசனை. தாளில் பார்த்தால் நியாயம். ஆனால் எதிர்க்காற்றில், குட்டை அலையில், துறைமுக வாயை நோக்கிப் போகும்போது படகின் தடை இரட்டிப்பாகிறது. புரொப்பல்லர் கேட்கும் சக்தியும் ஏறுகிறது. அப்போதுதான் இஞ்சினின் கடைசிக் குதிரை வரை தேவைப்படும், அப்போதுதான் அது கிடைக்காது. நான் எதிர்ப்பக்கம். கடலோடிப் படகு வருடத்துக்கு வருடம் கனக்கிறது. கூடுதல் நங்கூரச் சங்கிலி, கூடுதல் டீசல் கேன், புத்தகம், அரிசி என்று ஏறிக்கொண்டே போகும். அடியில் கொட்டலசு படியும். புதுப்படகாக, வெறும் வயிற்றோடு, சுத்தமான அடிப்பாகத்தோடு 3600ஐச் சற்றுத் தாண்டும்படி வைத்தால், ஓடி ஓடிக் கனத்தபின் அது சரியாக 3600இல் வந்து நிற்கும். பதினொன்றுக்கு மேலிருந்த அந்தச் சற்றை வெட்டச் சொன்னது இதற்காகத்தான்.

இத்தனையும் இஞ்சின் ஓடும்போது. பாய்மரப் படகில் இஞ்சின் ஓடாத நேரம்தான் அதிகம் என்பது புரொப்பல்லருக்கு நேர்ந்த விசித்திரம். பாய் விரித்து ஓடும்போது, இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய அதே இதழ்கள் வெறும் தடையாகிவிடுகின்றன. கொஞ்சக் காற்றில் அந்த இழுவை அரை நாட் வேகத்தைத் தின்றுவிடக்கூடும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. இரண்டு இதழ் புரொப்பல்லரை நேர் செங்குத்தாக நிறுத்தினால் இரண்டு இதழும் ஏராவின் பின்முனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தண்ணீருக்கடியில் இருப்பதை எப்படி நிறுத்துவது? படகுக்குள் ஓடும் தண்டின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. அந்தக் கோடு மேலே வரும்வரை கையால் தண்டைச் சுழற்றி, கியரில் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஒரு பொட்டுப் பெயின்ட்டில் அரை நாட் மிச்சம்.

அப்படியானால் இரண்டு இதழே போதுமே என்றால், அங்கே இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. ஒளிந்துகொள்ள உதவும் அதே ஏரா, இஞ்சின் ஓடும்போது எதிரியாகிறது. அதன் பின்னால் நீர் படகோடு சேர்ந்து இழுபடுகிறது. அதாவது அங்கே நீர் மந்தம். இரண்டு இதழும் ஒரே நேரத்தில் அந்த மந்த நீருக்குள் நுழைந்து ஒரே நேரத்தில் வெளியேறுகின்றன. சுற்றுக்கு இரண்டு முறை மொத்தத் தள்ளுவிசையும் துள்ளுகிறது. மூன்று இதழில் ஒன்று நுழையும்போது மற்ற இரண்டும் வெளியே திறந்த நீரில் இருக்கின்றன. துள்ளல் அடங்கிவிடுகிறது. தவிர, இரண்டு இதழ் அதே சுமையை ஏற்க வேண்டுமென்றால் விட்டம் ஐந்து சதவீதம் கூட வேண்டும்; பதினாறு கிட்டத்தட்டப் பதினேழாகிவிடும். சன்னல் இடம் கொடுக்காது.

பாயில் ஓடும்போது நிலையான புரொப்பல்லரைப் பூட்டி வைப்பதா, சுழலவிடுவதா என்பது கடலோடிகள் பல தலைமுறையாக மல்லுக்கட்டிய கேள்வி. சுழல்வது ஒரு முழுத் தட்டாகி நீரை அடைக்கும், பூட்டுவதே நல்லது என்று ஒரு கட்சி உறுதியாக இருந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் தொட்டியில் இழுத்து அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கம் தீர்ப்புச் சொன்னது. உராய்வு குறைவாக இருந்து தடையின்றிச் சுழன்றால் இழுவை குறைவு. ஆனால் இரவெல்லாம் தண்டு முனகுவதும் கியர்பாக்ஸ் தேய்வதும் தொட்டியில் தெரியாது. எந்த கியர்பாக்ஸ் சுழலச் சம்மதிக்கும் என்று அதன் கையேடுதான் சொல்ல வேண்டும்.

பணம் இருந்தால் மடங்கும் புரொப்பல்லர், திரும்பும் புரொப்பல்லர் என்று வழிகள் உண்டு. இவற்றில் இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப் போன்ற திரும்பும் வகையை நெருங்கிப் பார்க்க வேண்டும். குடத்துக்குள் இருக்கும் கூம்புப் பற்சக்கரங்கள் இதழ்களைத் திருப்பி, ஓட்டத்தின் திசையில் கத்தி முனையாக நிறுத்திவிடுகின்றன. அதற்காக இதழ் ஒன்றைத் துறக்கிறது: முறுக்கை. நீரோட்டத்தில் தட்டையாகப் படுக்க வேண்டிய இதழுக்கு நாற்பத்தொன்று, இருபத்து மூன்றரை, பன்னிரண்டு என்ற அந்த அழகான சரிவு இருக்க முடியாது. தட்டையாகவே இருந்தாக வேண்டும். முன்னோக்கி ஓடும்போது கொஞ்சம் திறன் நஷ்டம். பின்னோக்கி ஓடும்போது லாபம். இதழ் முழுக்கத் திரும்பிக்கொண்டு அதே முகத்தால் நீரை வெட்டும். மடங்கும் வகையில் முறுக்கு மிஞ்சும். ஆனால் பின்னோக்கிப் போகும்போது சுழற்சியின் விசையால் மட்டுமே இதழ்கள் திறந்து நிற்கின்றன, பிடி கொஞ்சம் தளர்வு. எல்லாம் தருகிற புரொப்பல்லர் ஒன்று இன்னும் வார்க்கப்படவில்லை.

அளவு முடிந்தபின்னும் சில நுணுக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ரீங்காரமிடும் புரொப்பல்லர் உண்டு. இதழின் பின்விளிம்பிலிருந்து மாறி மாறிப் பிரியும் சுழிகள் இதழின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போவதால் வருவது. பின்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வாக அரம் போட்டுவிட்டால் பாட்டு நின்றுவிடும். தண்டில் பூட்டும் இரண்டு நட்டுகளில் மெல்லியது முதலில், தடித்தது அதன்மேல்; பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். இரண்டாவதை இறுக்கும்போது சுமை அதன் மரைக்கு மாறிவிடுகிறது, ஆகவே வெளியே இருப்பதுதான் தடித்திருக்க வேண்டும். மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்பதில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் துத்தநாகம். பெயர்தான் வெண்கலம், ஜாதி பித்தளை. கடல் அந்தத் துத்தநாகத்தை உறிஞ்சினால் இதழ் ரோஜா நிறம் காட்டும். சின்னச் சுத்தியால் தட்டினால் நல்ல இதழ் மணியாக ஒலிக்கும். உறிஞ்சப்பட்டது 'தொப்' என்று மட்டும் சொல்லும். பழைய புரொப்பல்லர் வாங்கப் போகிறவர் பையில் அந்தச் சுத்தியல் இருக்கட்டும்.

வெஸ்ட்செயிலுக்கு என் ஓட்டு மூன்று இதழ், நிலையானது, பதினாறுக்குப் பதினொன்று. ஒன்பது டன் படகு அரை நாட்டுக்காக அழப்போவதில்லை. குடத்துக்குள் பற்சக்கரம் இல்லாத ஒரே துண்டு வெண்கலம், பழுது பார்க்க ஆள் கிடைக்காத தீவில் பெரிய நிம்மதி. கொஞ்சக் காற்றிலும் பாயிலேயே போக வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்கள் திரும்பும் வகைக்குப் பணம் செலவழிக்கலாம், வீணாகாது. ஆனால் எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அடியில் இறங்கி இதழ்களின் மேல் இருக்கும் கொட்டலசைச் சுரண்டிவிட்டு, முழுக் கைப்பிடியில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு, இஞ்சின் பலகையில் இருக்கும் சுற்றுமானியை நம்பாதீர்கள். ஒளியால் அளக்கும் கைக்கருவி ஒன்றை இரவல் வாங்கிச் சரிபாருங்கள். 3200 என்று காட்டிய முள்ளுக்குக் கீழே இஞ்சின் 3500இல் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் புரொப்பல்லரில் கைவைக்க எந்தக் காரணமும் இல்லை.